டச்சு நகரங்களின் சைக்கிள் பாதைகள்: ஐம்பது ஆண்டுகளில் என்னென்ன மாறின?

வாய்க்கால்கரை (உத்ரெக்ட்)

நெதர்லாந்துச் சைக்கிள் பாதைகள் என்றதும் இணையத்தில் சுற்றுபவை ஓரிரு படங்கள்தான். ஐன்ட்ஹோவனில் சாலைச் சந்திப்புக்கு மேலே இரும்பு வடங்களில் தொங்கும் ஹோவன்ரிங் வட்டப் பாலம். ஆம்ஸ்டர்டாம் மத்திய ரயில் நிலையத்தின் முன்னால் தண்ணீருக்கு அடியில் 2023இல் திறந்த, 7,000 சைக்கிள்கள் நிற்கும் நிறுத்துமிடம். இரண்டையும் நேரில் பார்த்து வியந்திருக்கிறேன். ஆனாலும் இந்த நாட்டின் பெரிய சாதனை அங்கே இல்லை என்பது என் கருத்து.

பெயர் தெரியாத ஒரு குடியிருப்புத் தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாயை மாற்றுகிறார்களே, அங்கே போய்ப் பாருங்கள். குழாய்க்கும் சாலைப் பரப்புக்கும் இங்கே ஆயுள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அது முடிந்ததும் தெருவைத் தோண்டுவார்கள். தோண்டிய தெருவைப் பழையபடி மூடிவிட்டுப் போவதில்லை. அன்றைய தேதியில் வடிவமைப்பு விதி என்ன சொல்கிறதோ அதன்படி முழுத் தெருவையும் புதிதாக வரைந்து போடுகிறார்கள். எப்படியும் தோண்டத்தான் போகிறோம், அந்தச் செலவோடு பாதையையும் அகலப்படுத்திவிடலாம் என்ற கணக்கு. அதனால் எந்தத் தெருவுக்கும் ஒரு தலைமுறை உண்டு. எண்பதுகளில் போட்ட தெரு, தொண்ணூறுகளில் போட்ட தெரு, போன ஆண்டு போட்ட தெரு என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். ஒரே நகரத்தில் அரைமணி நேரம் ஓட்டினால் நாற்பது ஆண்டு வரலாறும் சக்கரத்துக்கு அடியில் வந்துபோகும்.

அந்த மாற்றங்களைப் பற்றி இங்கே பேசலாம் என்று ஆசைப்படுகிறேன். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மாலைக்காற்று

நல்ல தலைப்பு. ஆனால் ஒரு அடிப்படைச் சந்தேகம். நிலம் தட்டை, ஊர்கள் சிறியவை, மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சைக்கிள் பழக்கம். பாதை போடாமல் விட்டிருந்தாலும் இவர்கள் ஓட்டியிருப்பார்கள் அல்லவா? பழக்கம் முதலில், பாதை பிறகு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பழையசக்கரம் (தி ஹேக்)

தம்பி, நிலம் 1960களிலும் தட்டையாகத்தான் இருந்தது. அப்போது சைக்கிள் ஓட்டுவோர் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு சரிந்துகொண்டிருந்தது.

பழக்கம் பழையது என்பது உண்மை. உத்ரெக்டின் மாலிபான் சாலையில் 1885லேயே சைக்கிளுக்கென்று தனிப்பாதை போட்டார்கள். 1924 முதல் 1941 வரை சைக்கிளுக்கு வரியே வாங்கினார்கள். வரி கட்டியதற்கு அடையாளமாக ஒரு சிறு உலோகத் தகட்டை வண்டியில் மாட்ட வேண்டும். அந்தப் பணத்தில் நெடுஞ்சாலைகள் போட்டார்கள் என்பதை இன்று கார் ஓட்டும் எத்தனை பேர் அறிவார்கள்? ரோட்டர்டாமில் 1942இல் திறந்த மாஸ் சுரங்கப்பாதையில் சைக்கிள்காரர்களுக்குத் தனிக்குழாய் உண்டு. அதில் இறங்குவதற்கு மரப்படி வைத்த நகரும் படிக்கட்டு. இன்றும் இயங்குகிறது, போய்ப் பாருங்கள்.

அத்தனை பழக்கமும் இருந்த நாட்டில்தான், போருக்குப் பிறகு கார் வந்ததும் எல்லாம் தலைகீழானது. ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்களைத் தூர்த்துச் சாலையாக்கலாம் என்று 1954இல் அந்நகரக் காவல்துறைத் தலைவர் காஸ்யாகர் திட்டம் கொடுத்தார். 1967இல் யோகினென் என்ற அமெரிக்கப் பொறியாளர், பழைய குடியிருப்புகளை இடித்து நகரத்துக்குள் விரைவுச்சாலை கொண்டுவரச் சொன்னார். இரண்டும் அப்படியே நிறைவேறவில்லை. ஆனால் அந்த மனநிலையில் பல சாலைகள் அகலமாயின, சைக்கிள் பாதைகள் மறைந்தன.

விலை என்ன தெரியுமா? 1971இல் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். ஒரு கோடியே முப்பது லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில்! 2023இல் மொத்தச் சாலை இறப்புகள் 684. பழக்கம் மட்டும் போதுமென்றால் அந்த 400 குழந்தைகள் ஏன் செத்தார்கள்?

வாய்க்கால்கரை (உத்ரெக்ட்)

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். விபத்தில் மகளைப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர், 1972இல் ‘தே டைட்’ நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்பது அதன் தலைப்பு. அந்தப் பெயரிலேயே ஓர் இயக்கம் எழுந்தது. பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆம்ஸ்டர்டாமின் தே பைப் பகுதியில் சிறுவர்களே தெருவை மறித்து, விளையாட இடம் கேட்டார்கள். 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. சில மாதங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் சைக்கிளிலும் சறுக்குச் சக்கரத்திலும் போன படங்களைப் பார்த்திருப்பீர்கள். 1975இல் சைக்கிள் ஓட்டுநர் சங்கம் பிறந்தது. இன்று எந்த நகராட்சி எந்தச் சாலையை மாற்றினாலும் அந்தச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் யாராவது ஒருவர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு குறை கண்டுபிடித்துக்கொண்டிருப்பார். அவர்கள் ஊதியம் வாங்காத தொண்டர்கள். எனக்கு அவர்கள்மேல் அளவற்ற மரியாதை.

ஓரக்கல்

நான் சாலை வடிவமைப்புத் துறையில் இருக்கிறேன் (நெதர்லாந்தில் அல்ல, ஆனால் அவர்களுடைய கையேடுகளோடு தினமும் புழங்குகிறேன்). எழுபதுகளின் கிளர்ச்சிக்கும் இன்றைய பாதைக்கும் நடுவில் நிறைய சோதனைகள் உண்டு. அவற்றை யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதல் சோதனை தில்பர்கிலும் தி ஹேகிலும். எழுபதுகளின் நடுவில் மத்திய அரசு பணம் கொடுத்து, நகர மையத்தை ஊடுருவிச் செல்லும் ஒரே ஒரு நீண்ட சைக்கிள் பாதையை ஒவ்வொரு நகரத்திலும் போட்டுப் பார்த்தது. நல்ல அகலம், கண்ணில் படும் சிவப்பு நிறம். கடைக்காரர்கள் கொதித்தார்கள். விளைவு என்ன? அந்தப் பாதையில் கூட்டம் கூடியது. ஆனால் நகரம் முழுவதும் சைக்கிள் ஓட்டுவோர் எண்ணிக்கை பெரிதாக உயரவில்லை. பக்கத்துத் தெருக்களில் போனவர்கள் இங்கே மாறிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடத்தை டெல்ஃப்டில் எண்பதுகளில் போட்டுப் பார்த்தார்கள். ஒரு தடம் போதாது, வலை வேண்டும். நகர அளவில் சுமார் 500 மீட்டருக்கு ஒரு முக்கியப் பாதை, அதற்குள் 200–300 மீட்டருக்கு ஒரு பகுதிப் பாதை, அதற்கும் உள்ளே தெருமுனை வரை போகும் சிறு இணைப்புகள். அறுந்து கிடந்த இடங்களை இணைப்பதே பாதி வேலையாக இருந்தது: இங்கே ஒரு சிறு பாலம், அங்கே ரயில்பாதைக்கு அடியில் ஒரு சுரங்கம், இன்னோர் இடத்தில் ஒருவழித் தெருவில் சைக்கிளுக்கு மட்டும் எதிர்த்திசை அனுமதி. எனக்கு டெல்ஃப்ட்தான் இந்தக் கதையின் திருப்புமுனை.

இந்த அனுபவங்கள் எல்லாம் சேர்ந்து 1993இல் ஒரு வடிவமைப்புக் கையேடாக வந்தன. சைக்கிள் பாதை என்றால் ஐந்து குணங்கள் வேண்டும் என்று வகுத்தார்கள்: தொடர்ச்சி, நேர்வழி, பாதுகாப்பு, வசதி, கண்ணுக்கு இனிமை. 2006இலும் 2016இலும் அதைத் திருத்தி எழுதினார்கள். கையேடு மாறும்போது அதற்குப் பிறகு தோண்டும் தெருக்கள் மாறுகின்றன. வாய்க்கால்கரை சொன்ன தலைமுறைக் கணக்கின் அடித்தளம் இதுதான்.

மாலைக்காற்று

நன்றி, இந்த வரலாறு எனக்குப் புதிது. அடுத்த கேள்வி. டெல்ஃப்ட் பாதைகளைக் கட்டியது, சரி. குரோனிங்கனில் பெரிதாக எதையும் கட்டாமலே சாதித்தார்கள் என்று படித்தேன். உண்மையா?

ஓரக்கல்

கிட்டத்தட்ட உண்மை. 1977 செப்டம்பரில் ஒரே இரவில் போக்குவரத்துப் பலகைகளை மாற்றினார்கள். நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் நேராகப் போக முடியாதபடி செய்தார்கள். கார் வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். சைக்கிளும் பஸ்ஸும் நேராகப் போகலாம். நகராட்சியில் போக்குவரத்துப் பொறுப்பிலிருந்த மாக்ஸ் வான் டென் பெர்க் அப்போது இளைஞர். கடைக்காரர்களின் கோபம் முழுவதையும் தாங்கினார், திட்டத்தைப் பின்வாங்கவில்லை. பெல்ஜியத்தின் கென்ட் நகரம் அதே வழியை 2017இல்தான் எடுத்தது. நாற்பது ஆண்டு இடைவெளி!

சைக்கிள் பாதை என்று கட்டுவது மட்டும் சைக்கிள் வசதி ஆகாது. கார் எந்தத் தெருவில் ஊடுருவிப் போகலாம், எதில் போகக் கூடாது என்று முடிவெடுப்பதே பெரிய வசதி. ஹவுட்டன் என்ற ஊரை எழுபதுகளின் இறுதியிலிருந்து இந்த எண்ணத்தின் மேலேயே கட்டினார்கள். காரில் போனால் வட்டச்சாலைக்கு வெளியேறிச் சுற்ற வேண்டும். சைக்கிளில் போனால் ஊரின் நடுவே பள்ளிகளையும் ரயில் நிலையத்தையும் தொட்டுக்கொண்டு நேர்வழி.

மழைத்துளி (இரண்டு பிள்ளைகளின் அம்மா)

வணக்கம். நெதர்லாந்தில் குடியேறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. எல்லோரும் பெருமையாகவே எழுதுகிறீர்கள். எங்கள் பகுதியில் பல சாலைகளில் வெறும் வண்ணக் கோடுதான் இருக்கிறது. ஒரு பக்கம் நிறுத்திய கார்கள், மறுபக்கம் ஓடும் கார்கள். எட்டு வயது மகனை அதில் ஓட்டவிட எனக்கு மனம் வருவதில்லை. இதுவும் அந்தப் புகழ்பெற்ற டச்சு வடிவமைப்புதானா?

வாய்க்கால்கரை (உத்ரெக்ட்)

உங்கள் பயம் நியாயமானது. அப்படிப்பட்ட தெருக்கள் இந்த நாட்டில் இன்னும் நிறைய உள்ளன. பெரும்பாலும் அவை முந்தைய தலைமுறைத் தெருக்கள், அடுத்த முறை தோண்டுவதற்காகக் காத்திருப்பவை. சில இடங்களில் அகலமே போதவில்லை என்பதும் உண்மை. சில இடங்களில் அகலம் இருக்கிறது, கார் நிறுத்தத்தை எடுக்கத்தான் துணிச்சல் இல்லை. இந்த மூன்றாவது வகைத் தெருக்கள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

தொண்ணூறுகளில் சாலைப் பாதுகாப்பு அறிஞர்கள் வகுத்த விதி எளிமையானது. கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சாலையில் சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டும். ஒன்றாகப் போக வேண்டுமென்றால் காரின் வேகம் 30க்கு இறங்க வேண்டும். மனிதர் தவறு செய்யத்தான் செய்வார், அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலை இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. நீங்கள் சொல்லும் வண்ணக்கோட்டுச் சாலைகள் இரண்டுக்கும் நடுவில் தொங்குகின்றன.

பழையசக்கரம் (தி ஹேக்)

தரையைப் பற்றி யாரும் பேசவில்லையே! முன்பெல்லாம் சைக்கிள் பாதை என்றால் ஓர் அடிச் சதுர சிமென்ட் பலகைகள்தான். மரத்தின் வேர் அடியில் வளர்ந்தால் பலகை மேலெழும், மழை பெய்தால் இடுக்கில் தண்ணீர் பீய்ச்சும். முதுகெலும்பில் ஒவ்வொரு இணைப்பையும் எண்ணிவிடலாம். இன்று அந்த இடங்களில் சிவப்புத் தார் போட்டிருக்கிறார்கள். வண்டி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. வயதான எனக்கு இந்த ஒரு மாற்றமே போதும்.

ஓரக்கல்

ஐயா, அந்தப் பலகைகள் அவ்வளவு காலம் நீடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. பாதைக்கு அடியில் மின் கம்பி, எரிவாயுக் குழாய், தொலைபேசிக் கம்பி எல்லாம் ஓடுகின்றன. பலகையென்றால் தூக்கிவிட்டு வேலையை முடித்துத் திரும்ப வைத்துவிடலாம். தாரென்றால் வெட்ட வேண்டும், ஒட்டுப்போட வேண்டும். அதனால் குழாய், கம்பி நிறுவனங்கள் தாருக்கு எதிராக நின்றன. ஒவ்வொரு நகரத்திலும் இந்தப் பேச்சுவார்த்தை தனித்தனியாக நடந்திருக்கிறது. முக்கியப் பாதைகளில் தார்தான் என்ற நிலை படிப்படியாக வந்தது.

தரை போலவே சந்திப்புகளும் மாறியிருக்கின்றன. அதில்தான் எனக்கு மிகுந்த ஈடுபாடு. ஒரு சிறு தெரு பெரிய சாலையில் சேரும் இடத்தைப் பாருங்கள். பழைய வடிவத்தில் கார்ச் சாலை வளைந்து உள்ளே போகும், சைக்கிள் பாதை அந்த இடத்தில் அறுந்து, பள்ளத்தில் இறங்கி, மறுபக்கம் ஏறும். புதிய வடிவத்தில் சைக்கிள் பாதையும் நடைபாதையும் அதே உயரத்தில், அதே நிறத்தில் அறுபடாமல் தொடர்கின்றன. கார்தான் சாய்தள ஓரக்கல் மேல் ஏறி, அவற்றைக் குறுக்கே கடந்து, மறுபக்கம் இறங்க வேண்டும். ஓட்டுநருக்குப் பலகை எதுவும் தேவையில்லை. வேகம் தானாகக் குறைகிறது, ‘இது என் இடமல்ல’ என்று சக்கரமே உணர்த்திவிடுகிறது. பெரிய சந்திப்புகளில் சைக்கிள் பாதையைக் கார்ச் சாலையிலிருந்து ஐந்து மீட்டர் அளவுக்கு விலக்கி வளைக்கிறார்கள். திரும்பும் கார் அந்த இடைவெளியில் நின்று, சைக்கிளை நேருக்கு நேர் பார்த்து வழிவிட முடியும். பின்னால் வரும் காரின் வழியையும் அது அடைப்பதில்லை.

சுரங்கப்பாதைகளும் அப்படியே. ஆரம்பத்தில் கட்டியவை குறுகலானவை, இருட்டானவை, வளைவானவை. இரவில் பெண்கள் அவற்றைத் தவிர்த்தார்கள். இப்போது நுழையும்போதே மறுமுனை தெரிய வேண்டும் என்று வடிவமைக்கிறார்கள். சுவரைச் சாய்வாக விரிக்கிறார்கள், நடுவில் வெளிச்சத்துக்குத் திறப்பு விடுகிறார்கள். மேலே போகும் கார்ச் சாலையைக் கொஞ்சம் உயர்த்தினால் சைக்கிள் அதிகம் இறங்கி ஏற வேண்டியதில்லை. அதனால் அதையும் செய்கிறார்கள். ஏற்றத்தின் சுமையை எஞ்சினுக்குக் கொடு, காலுக்குக் கொடுக்காதே என்பது என்ன அருமையான எண்ணம்!

மாலைக்காற்று

ஓரக்கல், நீங்கள் எழுதுவதைப் படித்தால் எல்லாமே வெற்றிதான் போலிருக்கிறது. செய்து பார்த்துக் கைவிட்டவை இல்லையா?

ஓரக்கல்

நிறைய உண்டு. ஹோவன்ரிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் வடங்கள் அதிர்ந்ததால் தொடக்கத்திலேயே மூட வேண்டியதாயிற்று. அதிர்வைத் தணிக்கும் கருவிகள் பொருத்திய பிறகு 2012இல்தான் முறையாகத் திறந்தார்கள்.

அதைவிட முக்கியமானது, பாதையின் வாயில் நட்ட கம்பங்கள். கார் நுழையாமல் இருக்க நாடு முழுவதும் நட்டார்கள். பிறகு விபத்துக் கணக்கை ஆராய்ந்தபோது, வேறு எந்த வாகனமும் இல்லாமல் சைக்கிள்காரர் தானாக விழுந்து அடிபடும் விபத்துகள் ஏராளம் என்று தெரிந்தது. முன்னால் போகும் வண்டி மறைத்த கம்பத்தில் மோதுகிறார்கள், செங்குத்தான ஓரக்கல்லில் சக்கரம் உரசி விழுகிறார்கள். அதன் பிறகு கம்பங்களைப் பிடுங்கத் தொடங்கினார்கள். நட்டே தீர வேண்டிய இடத்தில் தரையில் முன்கூட்டியே வெள்ளைக் கோடு எச்சரிக்கிறது. ஓரக்கல்லையும் சாய்வாக மாற்றுகிறார்கள். சக்கரம் விலகினாலும் மேலேறித் திரும்பிவிடலாம். நாற்பது ஆண்டுகளாகக் காரிலிருந்து காப்பாற்றுவதைப் பற்றியே யோசித்தவர்கள், இப்போது பாதையே காயப்படுத்தாமல் இருப்பது எப்படி என்று யோசிக்கிறார்கள்.

நடைவண்டி (ஆம்ஸ்டர்டாம்)

மொபெட் கதையையும் யாராவது எழுதுங்கள் என்று காத்திருந்தேன். நானே எழுதுகிறேன். 1999 டிசம்பர் வரை மொபெட்டுகள் ஊருக்குள்ளும் சைக்கிள் பாதையில்தான் ஓடின. அந்த மாதம் வேகமான மொபெட்டுகளைச் சாலைக்கு அனுப்பினார்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் வேக வரம்புள்ள, இன்று நீலத் தகடு மாட்டும் வகை மட்டும் பாதையிலேயே தங்கியது. அந்த வரம்பை மதித்தவர்கள் சொற்பம். ஆம்ஸ்டர்டாமில் குறுகிய பாதையில் பின்னாலிருந்து அவை உறுமிக்கொண்டு வரும்போது உடம்பே நடுங்கும். தேசியச் சட்டத்தைத் திருத்தாமல் நகரத்தால் தனியாக எதுவும் செய்ய முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் போராடி, 2019 ஏப்ரலில் வட்டச்சாலைக்கு உட்பட்ட பெரும்பாலான தெருக்களில் அவற்றைச் சாலைக்கு அனுப்பினார்கள். ஒரு கல்லைக்கூட நகர்த்தாமல் பாதைகள் அகலமானது போன்ற உணர்வு.

ரைக்ஸ் அருங்காட்சியகத்துக்கு அடியில் ஊடுருவிப் போகும் வழியும் அப்படி ஒரு போராட்டம்தான். புதுப்பிப்புப் பணிக்காக 2003இல் மூடினார்கள். பணி முடிந்த பிறகு சைக்கிளை அனுமதிக்க நிர்வாகம் தயங்கியது. மக்கள் விடவில்லை. 2013இல் திறந்தபோது சைக்கிளோடுதான் திறந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடிக்கு உள்ளே அருங்காட்சியகம், நடுவில் வேலைக்குப் போகும் சைக்கிள்கள். இந்த நகரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

வாய்க்கால்கரை (உத்ரெக்ட்)

எங்கள் ஊர்க் கதையைச் சொல்லாவிட்டால் எனக்கு உறக்கம் வராது.

உத்ரெக்டின் பழைய நகரத்தைச் சுற்றி ஓர் அகழி ஓடுகிறது. 1958இல் ஒரு ஜெர்மானியப் போக்குவரத்து நிபுணர் அதை முழுவதும் தூர்த்து வட்டச்சாலையாக்கச் சொன்னார். எதிர்ப்பு வலுத்ததால் முழுவதும் நடக்கவில்லை. ஆனால் மேற்குப் பகுதியில் தண்ணீரை வடித்து, 1970களின் தொடக்கத்தில் பள்ளத்தில் ஒரு விரைவுச்சாலையைப் போட்டுவிட்டார்கள். நகரத்தின் இதயத்துக்குப் பக்கத்தில், பழைய மதிற்சுவர் இருந்த இடத்தை ஒட்டி, பத்துப் பன்னிரண்டு தடங்களில் கார்கள் ஓடும் அளவுக்கு ஓர் அகழ்வு. அதில் பாதிகூட நிறையவில்லை.

2002இல் நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மக்கள் தண்ணீரைத் திரும்பக் கேட்டார்கள். பிறகு பதினெட்டு ஆண்டுகள் துண்டு துண்டாக வேலை நடந்தது. 2020 செப்டம்பரில் அகழி மீண்டும் முழு வட்டமானது. விரைவுச்சாலை இருந்த இடத்தில் இன்று படகு போகிறது, கரையில் மரங்கள், பக்கத்தில் சைக்கிள். ரயில் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள்கள் நிற்கும் மூன்றடுக்கு நிறுத்துமிடம் 2019இல் முழுமையானது. சைக்கிளைவிட்டு இறங்காமல் உள்ளே ஓட்டிக்கொண்டே போகலாம். எந்த வரிசையில் எத்தனை இடம் காலி என்று விளக்குப் பலகை காட்டும்.

ஐம்பது ஆண்டுகளுக்குள் ஒரு நகரம் தன் பெரும் பிழையைத் தோண்டி எடுத்து அப்புறப்படுத்தியிருக்கிறது. சாலையென்பது மலைபோல இயற்கையாக முளைத்ததல்ல, நாம் போட்டது, நாமே எடுக்கலாம் என்பதை நான் அங்கே நின்றுதான் முழுமையாக நம்பினேன்.

பழையசக்கரம் (தி ஹேக்)

ரோட்டர்டாமின் கூல்சிங்கலையும் சொல்ல வேண்டும். போரில் குண்டுவீச்சுக்குப் பிறகு காருக்காகவே திரும்பக் கட்டிய நகரம் அது. அதன் முதன்மைச் சாலையிலேயே நான்கு கார்த் தடங்களை இரண்டாகக் குறைத்து, அகலமான இருவழிச் சைக்கிள் பாதை போட்டு 2021இல் முடித்துவிட்டார்கள். அங்கேயே முடியுமென்றால் எங்கும் முடியும்.

மழைத்துளி (இரண்டு பிள்ளைகளின் அம்மா)

எனக்கு இன்னொரு கவலை. பாதையில் மின்சைக்கிள்கள் பெருகிவிட்டன. தடித்த டயர் போட்ட வண்டிகளில் பதின்வயதுப் பிள்ளைகள் பெடலைத் தொடாமலே பறக்கிறார்கள். பெட்டி வைத்த சரக்கு வண்டிகளோ பாதி அகலத்தை எடுத்துக்கொள்கின்றன. எண்பதுகளில் போட்ட இரண்டு மீட்டர்ப் பாதை இதையெல்லாம் தாங்குமா?

ஓரக்கல்

தாங்கவில்லை என்பதே நேரான பதில். 2017இல் முதன்முறையாக நெதர்லாந்தில் காருக்குள் இறந்தவர்களைவிடச் சைக்கிளில் இறந்தவர்கள் அதிகம்: 201 பேருக்கு 206 பேர். 2022இல் சைக்கிளில் இறந்தவர்கள் 291. அதில் பெரும்பகுதி முதியவர்கள். மின்சைக்கிள் வந்ததால் எழுபது, எண்பது வயதிலும் தொலைதூரம் ஓட்ட முடிகிறது. அது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அந்த உடம்பு விழுந்தால் எழுவது கடினம்.

ஒரே பாதையில் 12 கிலோமீட்டர் வேகத்தில் போகும் குழந்தையும் 25இல் போகும் மின்சைக்கிளும் சேரும்போது, முந்திச் செல்லப் பாதுகாப்பான இடம் வேண்டும். இரண்டு பேர் பேசிக்கொண்டு இணையாகப் போக, மூன்றாமவர் தாண்டிப் போக வேண்டுமென்றால் இரண்டு மீட்டர் எப்படிப் போதும்? ஊர்களை இணைக்கும் புதிய விரைவுப் பாதைகளை அகலமாகவே போடுகிறார்கள். ஆர்னெமையும் நைமேகனையும் இணைத்து 2015இல் திறந்த பாதை நல்ல எடுத்துக்காட்டு. ஊருக்கு உள்ளேதான் நெருக்கடி.

நடைவண்டி (ஆம்ஸ்டர்டாம்)

அதற்கு ஆம்ஸ்டர்டாமில் எடுத்த வழி வேறு. 2023 டிசம்பரில் நகரின் பெரும்பாலான சாலைகளில் கார் வேகத்தை 30 ஆக்கிவிட்டார்கள். கார் மெதுவாகப் போனால், வேகமான மின்வண்டிகளையும் சரக்கு வண்டிகளையும் கார்ச் சாலையிலேயே விடலாம், பாதை குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் மிஞ்சும் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. எனக்கு இதில் பாதி உடன்பாடு. பலகை 30 என்றாலும் சாலை அகலமாக நேராக இருந்தால் ஓட்டுநர் 50இல்தான் போகிறார். தோண்டி, ஒடுக்கி, தரையை மாற்றினால்தான் வேகம் குறையும்.

வாய்க்கால்கரை (உத்ரெக்ட்)

எனக்கு முழு உடன்பாடின்மை. ‘எல்லாம் 30, எல்லோரும் ஒன்றாகப் போகலாம்’ என்று சொல்லித் தனிப்பாதைகளை எடுக்கத் தொடங்கினால் முதலில் வீட்டுக்குள் திரும்பிப் போகிறவர்கள் மழைத்துளியின் மகனைப் போன்றவர்கள்தான். அமைதியான தெருவில் சிவப்புத் தார் போட்டு, காரை விருந்தாளியாக வைக்கும் சைக்கிள் தெரு எனக்கு மிகவும் பிடிக்கும். பஸ்ஸும் லாரியும் ஓடும் சாலையில் அது கூடாது. வேகம் குறைவதோடு எண்ணிக்கையும் குறைய வேண்டும்.

மழைத்துளி (இரண்டு பிள்ளைகளின் அம்மா)

இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தபோதே எங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்தது. நான் சொன்ன அதே சாலையில் அடுத்த ஆண்டு சாக்கடைக் குழாய் மாற்றுகிறார்கள்! புதிய வரைபடத்தை வைத்திருக்கிறார்கள், கருத்துக் கூட்டமும் உண்டு. வரைபடத்தில் மீண்டும் வண்ணக் கோடுதான் இருக்கிறது. கொஞ்சம் அகலம் கூடியிருக்கிறது. கூட்டத்தில் நான் என்ன கேட்க வேண்டும்? டச்சு மொழி ஓரளவு பேசுவேன்.

ஓரக்கல்

கட்டாயம் போங்கள். இந்த வாய்ப்பு தவறினால் அடுத்தது முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் வரும், உங்கள் மகனுக்கு அப்போது பிள்ளைகள் இருக்கும்.

முதலில் கார் வேகம் என்ன என்று கேளுங்கள். 50 என்றால், தனிப்பாதை ஏன் இல்லை என்பதுதான் உங்கள் ஒரே கேள்வி. 30 என்றால், அந்த வேகத்துக்கு ஓட்டுநரைக் கட்டாயப்படுத்துவது எது என்று கேளுங்கள். பலகை என்று பதில் வந்தால் ஏற்காதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை கார்கள் எதிர்பார்க்கிறார்கள் என்ற எண்ணிக்கை அவர்களிடம் இருக்கும், அதையும் வாங்குங்கள். பிறகு வரைபடத்தில் சுவரிலிருந்து சுவர் வரை அகலத்தை அளந்து, நிறுத்திய கார்களுக்கு எத்தனை மீட்டர் போகிறது என்று பாருங்கள். ஒரு பக்க நிறுத்தத்தை எடுத்தால் பாதைக்கு இடம் வருமா என்பது அங்கே தெரிந்துவிடும். நிறுத்தம் இருக்கத்தான் வேண்டுமென்றால், கார்க் கதவு திறக்கும் அளவுக்கு இடைவெளி கேளுங்கள். கிளைத் தெருக்கள் சேரும் இடத்தில் நடைபாதை அறுபடாமல் தொடர்கிறதா, ஓரக்கல் சாய்வா செங்குத்தா என்பதையும் விடாதீர்கள்.

வாய்க்கால்கரை (உத்ரெக்ட்)

தனியாகப் போகாதீர்கள். சைக்கிள் சங்கத்தின் உங்கள் ஊர்க் கிளைக்கு இன்றே எழுதுங்கள். அவர்கள் ஏற்கெனவே வரைபடத்தைப் பார்த்திருக்க வாய்ப்புண்டு. மகன் படிக்கும் பள்ளியிலிருந்து இன்னும் இரண்டு மூன்று பெற்றோரை அழைத்துப் போங்கள். கூட்டத்தில் பேசியதோடு நிறுத்தாமல் எழுத்திலும் கொடுங்கள், எழுதியதற்கு அவர்கள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்.

மழைத்துளி (இரண்டு பிள்ளைகளின் அம்மா)

மிக்க நன்றி. கிளைக்கு எழுதிவிட்டேன், பக்கத்து வீட்டு அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரைபடத்தை ஒளிப்படம் எடுத்து இன்றிரவு இங்கே போடுகிறேன். ஓரக்கல், அகலங்களைச் சரிபார்த்துச் சொல்வீர்களா?

ஓரக்கல்

போடுங்கள். குறுக்குவெட்டுப் படம் தனியாக இருந்தால் அதையும் சேர்த்து, எண்கள் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள்.